ஹார்டு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும் முன்…



போன மாதம் நம் கூட்டமைப்பு அலுவலகக் கணினி நின்றுபோனது. ஹார்டு டிஸ்க் பழுது. வாரண்டி இருந்ததால் எல்லோருக்கும் நிம்மதி. பார்க்க வந்த தம்பி, "பழசைக் கொடுங்க மேடம், கம்பெனிக்கு அனுப்பினா புதுசு வந்துடும்" என்றார்.

"பழசு என்ன ஆகும் தம்பி?" என்று கேட்டார் கணக்கு எழுதும் அக்கா.

"அது திரும்பி வராதுங்க. சரிபண்ணி வேற யாருக்காவது கொடுப்பாங்க."

அப்போதுதான் யோசித்தோம். உங்கள் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், யார் எவ்வளவு கடன் வாங்கினார், யார் தவணை தவறினார் எல்லாமே அதில்தான் இருக்கிறது. நம்மை நம்பி நீங்கள் கொடுத்தவை!

"பழுதானதை யார் படிக்கப் போறாங்க?" என்று நினைக்க வேண்டாம். பலகை மட்டும் கெட்டிருந்தால், தெரிந்தவர்கள் அதைச் சரிசெய்து உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம்.

"டெலீட் செய்தால் போதாதா?" போதாது. தீர்மான நோட்டில் பொருளடக்கத்தை மட்டும் கிழித்தால் உள்ளே எழுதினது அழிஞ்சிடுமா? அதுபோலத்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர் 158 பழைய டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-ல் முறையாக அழிக்கப்பட்டவை 12 மட்டுமே! மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவ விவரங்கள்கூடக் கிடைத்தன.

என்ன செய்யலாம்?

1. டிஸ்க் நன்றாக இருக்கும்போதே வேறொன்றில் நகல் எடுத்து பீரோவில் பூட்டி வையுங்கள்.

2. கணினி வாங்கியதுமே டிஸ்க் முழுவதையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் உண்டு, வெராகிரிப்ட் இலவசம். பிறகு டிஸ்க் யார் கைக்குப் போனாலும் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாது.

3. பழுதான டிஸ்க் ஓரளவு ஓடினால், நகல் எடுத்தபின் வேறொரு கணினியில் மாட்டி 'க்விக்' இல்லாமல் முழு ஃபார்மட் செய்யுங்கள். சில மணி நேரம் ஆகும், பரவாயில்லை.

4. ஓடவே இல்லையென்றால், டிஸ்க்கை நாமே வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் தனிக்கட்டணத்துக்கு அனுமதிக்கின்றன.

5. ஆதாரில் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் நகல் உண்டு. அது போதுமான இடத்தில் முழு எண்ணை வாங்காதீர்கள்.

நம் டிஸ்க் ஓடவில்லை, பூட்டும் போடவில்லை. செயற்குழு கூடி, வாரண்டியை விட்டுவிட்டுப் புதியது வாங்கத் தீர்மானம் போட்டது. பழையதைத் துளையிட்டு உடைத்தோம். செலவுதான். ஆனால் போன பணத்தைச் சேமித்துவிடலாம், போன நம்பிக்கையை?

கூட்டத்தில் பேசுங்கள்: உங்கள் குழுவின் விவரங்கள் எந்தெந்தக் கணினியில், யார் கைபேசியில் இருக்கின்றன?