பள்ளிக்கு வந்த பிள்ளையும் பயிற்சி பெற்ற ஆசிரியரும்

வானம் பார்த்த பூமியாகிய சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசும் தீப்பெட்டியும் பல குடும்பங்களுக்குச் சோறளித்து வருகின்றன. ஒரு காலத்தில், ஏடு பிடிக்க வேண்டிய சிறுவர் கைகளும் அவ்வேலையில் ஈடுபட்டன. 14 வயது நிரம்பாதோரை இத்தொழில்களில் அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

பள்ளி செல்லாதிருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சியும் அளிக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. ஐந்தாம் வகுப்பில் அமர்ந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு, மற்றவர்க்குரிய பாடத்தையே நடத்தினால் பயன் என்ன? அப்பிள்ளை மீண்டும் வேலைக்கே திரும்பிவிடக்கூடும். ஆகவே, நிலையறிந்து கற்பிக்கும் முறையை ஆசிரியர் கற்றிருத்தல் இன்றியமையாதது.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இவ்வழியைக் காட்டிற்று. பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்து ஆசிரியர்களின் பயிற்சிக்கென அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியில் ஒரு நிறுவனமும் உண்டு.

இதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று எண்ணலாகாது. 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருத்தல், அவர்களின் வருகையைக் கண்காணித்தல், ஆசிரியர் பயிற்சிக்கு வசதி செய்தல் ஆகியவற்றை உள்ளாட்சியின் கடமையாகவே அச்சட்டம் விதித்துள்ளது.

பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக: இடையில் நின்று திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் வாசிக்கத் தெரியாதோர் எத்தனை பேர்? அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர் பயிற்சி பெற்றுள்ளாரா?

பெயரைப் பதிவது விதைப்பைப் போன்றது. களையெடுத்துக் காவல் காத்தால்தானே வெள்ளாமை வீடு வந்து சேரும்?