ஒரே சரக்கு, நான்கு பெயர்

ஒரே சரக்கைப் பெயர் மாற்றி, விலை கூட்டி விற்கலாமா? நம் தொழிலில் அடிக்கடி எழும் இக்கேள்விக்கு அமெரிக்க மோட்டார் தொழில் நல்ல பாடம்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் டெக்ஸஸ் மாநிலம் ஆர்லிங்டனில் டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட் என்னும் பெரிய வண்டிகளைத் தயாரிக்கிறது. நான்குக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே. முதல் இரண்டும் செவர்லே பெயரில் குடும்பத்தாருக்கு, யூகான் ஜி.எம்.சி. பெயரில், எஸ்கலேட் காடிலாக் பெயரில் வசதி படைத்தோருக்கு.

1997-இல் போட்டியாளரான போர்டு நிறுவனம் லிங்கன் நேவிகேட்டர் சொகுசு வண்டியை இறக்கியது. அதற்கு ஈடாக அவசரமாக வந்த முதல் எஸ்கலேட் (1999 மாடல்), யூகான் டெனாலிக்கு வேறு முத்திரை குத்தியதுபோல இருந்தது. 2002 மாடலில்தான் அதற்கெனத் தனித் தோற்றம் கிடைத்தது.

2021 மாடலில் பெரிய திருத்தம் செய்தார்கள். பின்சக்கரங்களை இணைத்த ஒற்றை அச்சை நீக்கி, சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன் வைத்தார்கள். உட்தளம் தாழ்ந்தது, வண்டியும் நீண்டது. டாஹோவின் மூன்றாம் வரிசையில் கால் நீட்டும் இடம் சுமார் 10 அங்குலம் கூடியது. பின்னால் உட்கார்ந்தவர்களின் நெடுநாள் குறை தீர்ந்தது.

அடிச்சரக்கு ஒன்றாக இருப்பது குற்றமல்ல. ஒரே மூட்டைப் பருப்பைப் புடைத்து, தரம் பிரித்து விற்றால் கூடுதல் விலை நியாயமே. பையை மட்டும் மாற்றினால் வாடிக்கையாளர் ஒருமுறை ஏமாறுவார். மறுமுறை அடுத்த கடைக்குப் போய்விடுவார். விலையைக் கூட்டுமுன், சரக்கில் எதைக் கூட்டினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.