ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன் அடாப்டரைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் லேப்டாப்பில் உள்ள குட்டி ஸ்பீக்கரிலோ, கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த சின்ன ஸ்பீக்கரிலோ பாட்டு கேட்கிறோம். ஒரு மாதம் போனதும் அது போதவில்லை என்று தோன்றும். அப்போதுதான் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் ஞாபகத்துக்கு வரும். அவற்றை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினால் கொசு பறக்கிற மாதிரி சத்தம் கேட்கும். காரணம், அவை பாசிவ் ஸ்பீக்கர்கள். உள்ளே ஆம்ப்ளிஃபையர் கிடையாது. மின்சார வயர் உள்ள மல்டிமீடியா ஸ்பீக்கர் என்றால் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது, நீங்கள் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பாசிவ் வகை வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் இதில் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் அப்பா முப்பது வருடங்களுக்கு முன் தச்சரிடம் சொல்லிச் செய்த இரண்டு பெட்டிகள் எங்கள் வீட்டில் இருந்தன. ஒவ்வொன்றிலும் 8 அங்குல வூஃபரும் ஒரு ட்வீட்டரும். 8 ஓம்ஸ், 40 வாட்ஸ் என்று பின்னால் எழுதியிருக்கும். கடையில் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையரைக் காட்டினார்கள். பெட்டியில் "50 வாட்ஸ் + 50 வாட்ஸ்" என்று போட்டிருந்தது. கூடவே 12 வோல்ட் அடாப்டர். "ஸ்பீக்கர் தாங்குமா?" என்று கேட்டேன். "உண்மையில் இது அவ்வளவு பவர் தராது சார், அதனால் ஸ்பீக்கருக்கு எந்த ஆபத்தும் இல்லை" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தவறு. வீட்டில் ஒரு பிறந்த நாள் விழா. பிள்ளைகள் வால்யூமை முழுதாகத் திருப்பி இரண்டு மணி நேரம் ஆடினார்கள். மறுநாள் காலை அப்பா பஜனைப் பாட்டு போட்டுவிட்டு, "ஏண்டா, ஜால்ரா சத்தமே கேட்கலையே?" என்றார். இரண்டு ட்வீட்டர்களும் எரிந்து போயிருந்தன.

பெட்டியில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

மலிவான செட்களில் "3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். இதை அளப்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. தயாரிப்பவர் விருப்பப்பட்ட எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் இப்படி எண்களை ஊதிப் பெருக்கியது அளவு மீறிப் போய், 1974ல் அரசே ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ் மட்டுமே. அதிலும் முழு வாக்கியத்தைப் படியுங்கள். "8 ஓம்ஸில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் இயங்கும்போது, 0.1 சதவீத டிஸ்டார்ஷனில் 35 வாட்ஸ்" என்று இருந்தால் அது நேர்மையான எண். "10 சதவீத டிஸ்டார்ஷன்" என்றோ, "1 கிலோஹெர்ட்ஸில் மட்டும்" என்றோ இருந்தால் எண்ணைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். எதுவுமே எழுதாமல் வெறும் வாட்ஸ் மட்டும் இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

ஆனால் கடையில் நிற்கும்போது யார் உங்களிடம் அந்த விவரத் தாளைக் காட்டப் போகிறார்கள்? அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 24 வாட்ஸ். உள்ளே போவதே 24 வாட்ஸ் என்றால் வெளியே 100 வாட்ஸ் தொடர்ந்து வர முடியுமா?

இன்னொரு கணக்கும் உண்டு. இப்போது விற்கும் சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவை அடாப்டரின் வோல்ட்டேஜுக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. அடாப்டர் வோல்ட்டேஜை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓம்ஸின் இரு மடங்கால் வகுத்தால் ஒரு சேனலுக்குக் கிடைக்கக்கூடிய சுத்தமான பவரின் உச்சம் தெரியும். 12 வோல்ட், 8 ஓம்ஸ் என்றால் 144ஐ 16ஆல் வகுக்க, 9 வாட்ஸ். அவ்வளவுதான் என் "50 வாட்ஸ்" ஆம்ப்ளிஃபையர்! அதையே 24 வோல்ட்டில் இயக்கினால் 576ஐ 16ஆல் வகுக்க, 36 வாட்ஸ். நான்கு மடங்கு. (உங்கள் ஆம்ப்ளிஃபையர் 24 வோல்ட் தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தால் மட்டும் அந்த அடாப்டரைப் போடுங்கள். 4 ஆம்பியராவது இருக்கட்டும்.) நேராக 230 வோல்ட்டில் செருகும் பெரிய ஆம்ப்ளிஃபையர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சின்ன ஆம்ப்ளிஃபையர் எப்படி ஸ்பீக்கரை எரிக்கும்?

இதுதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம். பாட்டின் சிக்னல் மலை போல ஏறி இறங்கும். ஆம்ப்ளிஃபையரால் முடிந்த அளவைத் தாண்டி வால்யூமைத் திருப்பினால் மலையின் உச்சிகள் சீவிவிட்டது போல் தட்டையாகிவிடும். இதைக் கிளிப்பிங் என்கிறார்கள். முழுவதும் சீவப்பட்ட அலையில், சுத்தமான அலையைப் போல் இரு மடங்கு பவர் வரை இருக்கும். அது மட்டும் அல்ல, சீவிய முனைகளிலிருந்து பாட்டில் இல்லாத உச்ச அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. அவை எல்லாம் வூஃபருக்குப் போகாமல் ட்வீட்டருக்குத்தான் போகும். ட்வீட்டரின் காயில் தலைமுடி போல மெல்லிய கம்பி. பெட்டியில் 40 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும் ட்வீட்டர் மட்டும் அதைத் தாங்காது. சத்தம் கரகரவென்று கேட்க ஆரம்பித்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள். அன்று எங்கள் வீட்டுக் கூச்சலில் அந்தக் கரகரப்பு யார் காதிலும் விழவில்லை.

அப்படியானால் எவ்வளவு வாட்ஸ் வேண்டும்? வீட்டு ஸ்பீக்கர்கள் பல, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபல் வரை சத்தம் தரும். அது சாதாரண அறையில் தாராளமான சத்தம். ஆனால் தவில் அடி, மிருதங்கத் தட்டு போன்றவை சராசரியைவிடச் சட்டென்று 15 டெசிபல் எகிறும். 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் 10 மடங்கு பவர் வேண்டும். 15 டெசிபலுக்குச் சுமார் 30 மடங்கு. அதாவது சராசரியாக 1 வாட் போதும், அந்தக் கண நேரத்துக்கு 30 வாட்ஸ் வேண்டும். எனவே 10க்கு 12 அடி அறைக்கு, 8 ஓம்ஸில் 30 முதல் 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். இருந்தால் போதும். 40க்குப் பதில் 80 வாங்கினால் இரு மடங்கு சத்தம் வரும் என்று நினைக்காதீர்கள். 3 டெசிபல்தான் கூடும், அது காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும்.

ஓம்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பழைய பெட்டியில் எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரால் அளக்கலாம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் சுமார் 6 என்று காட்டும், 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 3க்குச் சற்று மேல் காட்டும். ஒரே சேனலில் இரண்டு 8 ஓம்ஸ் பெட்டிகளைப் பக்கவாட்டில் இணைத்தால் ஆம்ப்ளிஃபையருக்கு அது 4 ஓம்ஸ். ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் "குறைந்தது 8 ஓம்ஸ்" என்று இருந்தால் இப்படிச் செய்யவே கூடாது.

கம்ப்யூட்டருடன் இணைக்க

டெஸ்க்டாப்பின் பின்னால் உள்ள பச்சை நிறத் துளைதான் ஆடியோ அவுட். பிங்க் மைக்குக்கு, நீலம் லைன் இன்னுக்கு. லேப்டாப் என்றால் ஹெட்போன் துளை. ஒரு முனையில் 3.5 எம்.எம். பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை என இரண்டு ஆர்.சி.ஏ. பின்னும் உள்ள ஒயரைக் கேட்டு வாங்கி, ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் அல்லது லைன் இன்புட்டில் செருகுங்கள். ஃபோனோ என்று எழுதிய இடத்தில் செருகாதீர்கள், அது இசைத்தட்டுப் பிளேயருக்கானது. விண்டோஸில் வால்யூமை 80, 90 அளவில் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரின் குமிழால் கூட்டிக் குறையுங்கள். "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சிறிய பெட்டி விற்கிறது, அதை நடுவில் போட்டால் போதும். எலெக்ட்ரீஷியன் யாராவது எர்த் பின்னை வெட்டிவிடச் சொன்னால் கேட்காதீர்கள்; அது உயிருக்கு ஆபத்து.

கிளாஸ் டி வகை வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழைய செட்களில் இரண்டு ஸ்பீக்கருக்கும் மைனஸ் வயரை ஒன்றாகச் சேர்த்து மூன்றே வயரில் இழுத்திருப்பார்கள். இந்தப் புது வகையில் அப்படிச் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் போய்விடும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இரண்டு வயர் இழுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது 8 ஓம்ஸில் 35 வாட்ஸ் தரும் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. ட்வீட்டர் தேடிக் கடைகடையாக அலைந்தேன். பழைய மாடல் கிடைக்கவில்லை, அளவு ஒத்துப்போன வேறொன்றைப் பொருத்தினோம். அப்பா ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "ஜால்ரா வருது. ஆனா முன்ன மாதிரி இல்லை" என்றார்.