தோழன் இறந்தபின் தோள் கொடுப்போம்



மூலக்கொத்தளம் என்றாலே பலருக்கும் சுடுகாடுதான் ஞாபகம் வரும். இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939-இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்குவது அங்கேதான். அந்த ஏரியாப் பிள்ளைகளான எங்களுக்குச் சாவு புதிதல்ல. ஆனால் கூடக் கோலி விளையாடினவனே சாவது வேறு. நான் எட்டாவது படிக்கையில் பக்கத்து வீட்டுத் தோழன் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். இளவயதில் தோழனை இழந்தவன் ஏன் சீக்கிரம் பெரியவனாகிறான்? ஒரு சான்றோடு பார்ப்போம்.

ஆலன் டூரிங்

கம்ப்யூட்டர் அறிவியலின் தந்தை எனப்படும் டூரிங்குக்கும் (1912–1954) நம்ம ஊருக்கும் சம்பந்தம் உண்டு. அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா பிறந்தது போத்தனூரில். தாத்தா எட்வர்ட் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். 1856-இல் நம்ம ராயபுரத்திலிருந்து முதல் ரயிலை விட்டது அந்தக் கம்பெனிதான்.

பெற்றோர் இங்கே இருக்க, பிள்ளை இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தான். பள்ளியில் கிடைத்த உயிர்த்தோழன் கிறிஸ்டோபர் மார்கம். கணக்கு, கெமிஸ்ட்ரி, நட்சத்திரம் என்று எப்போதும் அதே பேச்சு. 1929 டிசம்பரில் இருவரும் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வு எழுதினார்கள். மார்கமுக்குக் கிடைத்தது, டூரிங்குக்கு இல்லை. இரண்டே மாதத்தில், 1930 பிப்ரவரி 13 அன்று, மார்கம் இறந்தான். சின்ன வயதில் நோயுற்ற மாட்டின் பாலைக் குடித்ததால் வந்த காசநோய். டூரிங்குக்கு அப்போது 17, கிட்டத்தட்ட நம்ம வயசு.

அவன் செய்தவை மூன்று:

1. தோழனின் அம்மாவுக்குக் கடிதம் எழுதினான். அது வருடக்கணக்கில் தொடர்ந்தது. அவர்கள் வீட்டுக்கும் போய்த் தங்கினான்.

2. தோழன் விட்டுப்போன வேலையைத் தான் செய்யணும் என்று உழைத்தான். அதே வருட டிசம்பரில் மறுபடி எழுதி உதவித்தொகை வாங்கினான்.

3. செத்தபின் மனசு என்னாகிறது என்று கேட்டான். மனசு, மூளை, இயந்திரம் என்று அந்த யோசனை வளர்ந்தது. 1950-இல் இயந்திரம் சிந்திக்குமா என்று கட்டுரையே எழுதினார்.

நமக்கு என்ன பாடம்?

எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும், ஆனால் அடி பட்டால் பட்டென்று உடையும். அதனால்தான் மறுபடி இதமாகச் சூடேற்றி டெம்பரிங் செய்கிறோம். மனுஷனும் அப்படித்தான். சாவைப் பார்த்த பையன் இறுகிப்போகிறான். ‘பொறுப்பு வந்துடுச்சு’ என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். உள்ளே உடையத் தயாராக இருப்பது தெரிவதில்லை. சிலர் குடியில் விழுவதும் இதனால்தான். பேச்சுதான் மனசுக்கு டெம்பரிங்.

எங்க தெருவில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவோம், கானா பாடுவோம். காரியம் முடிந்தால் அந்தப் பேரையே எடுக்க மாட்டோம். நான் மட்டும் தோழனின் அம்மாவுக்கு ரேஷன் வாங்கித் தரும் சாக்கில் போய் அவனைப் பற்றிப் பேசுவேன். “அவன் பேச்சை எடுக்க நீ ஒருத்தன்தாம்பா இருக்கே” என்பார்கள். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அவன் இருந்திருந்தால் இரண்டு பேராக வந்திருப்போம்.

தோழர்களே! உங்க வகுப்பில் யாராவது ஒருத்தன் தோழனை இழந்து திடீரென்று அமைதியானால், ‘பெரியவனாயிட்டான்’ என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். இறந்தவனின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். பேச விடுங்கள்.