92 வீதத்தில் நிற்கும் படம்: உங்கள் தளத்தில் பதிவேற்றம் சேர்க்கும் முறை

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோமே, அந்த வருசம் மூன்று வெவ்வேறு ஆட்கள் என்னிடம் ஒரே கோரிக்கையோடு வந்தார்கள். ஒருவர் பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், ஒருவர் வாசகர் வட்டம், மூன்றாமவர் தன் தோட்டத்துக் கோயில் கமிட்டி. மூவரிடமும் ஏற்கெனவே ஒரு இணையத்தளம் இருந்தது. "லயத்துல பழைய போட்டோ நெறைய கெடக்கு அண்ணே. ஏத்துறதுக்கு ஒரு பட்டன் மட்டும் வச்சுக் குடுங்க" என்றார்கள்.

அந்த ஒரு பட்டனில் மூவருமே சறுக்கினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்துதான் சறுக்கினேன். அதனால் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தேவை ஆவணக் காப்பகம் மட்டும்தான் என்றால் எதையும் கட்ட வேண்டாம். நூலகம் திட்டம் 2005 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. அதன் பல்லூடகத் தளமான ஆவணகம், ஐலண்டோரா என்ற திறந்த மென்பொருளில் ஓடுகிறது. தனியாக வேண்டுமென்றால் ஒமேகா இருக்கிறது. உறுப்பினர் பட்டியல், செய்தி, நிகழ்ச்சி என்று ஓடிக்கொண்டிருக்கும் தளத்துக்குள்ளேயே படங்களும் வர வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள். படிவம் எழுதவும், தரவுத்தளத்தில் ஒரு அட்டவணை சேர்க்கவும், சர்வர் பதிவேட்டைப் படிக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வாசலைப் பெரிதாக்குங்கள்

இன்றைய போனில் எடுக்கும் படம் 3 எம்பி, 5 எம்பி என்று வரும். நிறுவியபடியே விட்டால் என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் உள்ளே விடாது. 413 என்று திருப்பி அனுப்பிவிடும். பிஎச்பி ஒரு கோப்புக்கு 2 எம்பி, முழுப் படிவத்துக்கு 8 எம்பி என்று வைத்திருக்கிறது. இதில் ஒரு குசும்பு உண்டு. படிவத்தின் மொத்த அளவு 8 எம்பியைத் தாண்டினால் பிஎச்பி கோப்பை மட்டும் தள்ளுவதில்லை, படிவத்தில் நிரப்பிய எல்லாவற்றையும் காலியாக்கிவிடும். உங்கள் நிரலோ "பெயரை நிரப்பவில்லை" என்று பயனரைத் திட்டும். அவர் பெயரை மூன்றாம் தடவையும் நிரப்பிவிட்டுப் போனை வைத்துவிடுவார். இரண்டு இடத்திலும் அளவைக் கூட்டுங்கள். படத்துக்கு 25 எம்பி, ஸ்கேன் செய்த பிடிஎஃபுக்கு 100 எம்பி என்பது என் கணக்கு.

அறுந்த இடத்திலிருந்து தொடர்வது

எல்லோரும் விழுவது இங்கேதான்.

சாதாரணப் படிவம் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை 1995இல் வகுக்கப்பட்டது. அது ஒரே மூச்சில் ஓடும். நடுவில் இணைப்பு அறுந்தால் போனது போனதுதான், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொழும்பில் பைபர் இணைப்போடு உட்கார்ந்து நிரல் எழுதுகிறவருக்கு இது உறைக்காது. நம்மிடம் படம் ஏற்றப் போகிறவர் யார்? மேல் பிரிவு லயத்தில் பாட்டியின் தகரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் அந்த ஒரு வாசற்படியில் நிற்கும் பிள்ளை. 40 எம்பி பிடிஎஃப் 92 வீதம் போய் நிற்கிறது. திரும்பத் தொடங்குகிறாள், 60இல் நிற்கிறது. மூன்றாம் தடவை டேட்டா கார்ட் முடிந்துவிடுகிறது. அந்தக் கார்டின் காசு கொழுந்துப் பணம். அவள் இனி உங்கள் தளத்துக்கு வரமாட்டாள்.

இதற்குத் தீர்வு டஸ் என்ற திறந்த நெறிமுறை. நீங்களாகவே துண்டுபோட்டு அனுப்பும் நிரல் எழுதாதீர்கள். நான் எழுதினேன், இரண்டு மாதம் வீண். சர்வர் பக்கம் டஸ்டி என்ற தயார் நிரல் இருக்கிறது, உலாவிப் பக்கம் டஸ் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இருக்கிறது. பளிச்சென்று முகப்பும் வேண்டுமென்றால் அப்பி என்ற நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நடப்பது இவ்வளவுதான். உலாவி முதலில் "இத்தனை பைட் கொண்ட கோப்பு வருகிறது" என்று சொல்கிறது. சர்வர் அதற்கென்று ஒரு முகவரி கொடுக்கிறது. இணைப்பு அறுந்து திரும்ப வந்ததும் உலாவி அந்த முகவரியில் "எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது?" என்று கேட்கிறது. சர்வர் சொல்லும் எண்ணிலிருந்து மிச்சத்தை அனுப்புகிறது. பிரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளை பெயர் கூப்பிடுவதுபோல, வந்ததைக் குறித்துக்கொண்டு வராததை மட்டும் கேட்பது.

நிறுவிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. நான்கு இடம் கவனியுங்கள்.

என்ஜின்எக்ஸை முன்னால் வைத்திருந்தால், அது வரும் கோரிக்கையை முழுதாகத் தன்னிடம் வாங்கி முடித்த பிறகுதான் பின்னால் இருக்கும் டஸ்டிக்குத் தரும். பாதியில் அறுந்தால் அந்தப் பாதி டஸ்டிக்குப் போயே இருக்காது. பிள்ளைக்கு 92 என்று காட்டும், சர்வரிடம் கேட்டால் பூச்சியம். இந்தக் கோளாறைப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த இடைத்தேக்கத்தை அணைத்துவிடுங்கள். உங்கள் ஹோஸ்டிங்கில் அதைத் தொட விடாவிட்டால் கோப்பை 512 கேபி துண்டுகளாக அனுப்பச் சொல்லுங்கள்; ஒவ்வொரு துண்டும் முழுக் கோரிக்கையாகப் போய்ச் சேரும், நட்டம் ஒரு துண்டுதான்.

அடுத்தது, முன்னேற்றக் கோடு. டஸ் நூலகம் இரண்டு எண் தருகிறது: போனிலிருந்து கிளம்பிய பைட், சர்வர் ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன பைட். முதல் எண்ணைக் காட்டினால் கோடு வழுக்கிக்கொண்டு அழகாக ஓடும், ஆனால் பொய். இரண்டாவதைக் காட்டுங்கள். துண்டுகளாக அனுப்பினால் தத்தித் தத்தி நகரும், நகரட்டும்.

மூன்றாவது, விடாமுயற்சி. நூலகம் சில விநாடி இடைவெளியில் சில தடவை முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் சிக்னல் அரை மணி நேரம் காணாமல் போவது சாதாரணம். இடைவெளியை நீட்டி வையுங்கள். இணைப்பு திரும்பியதும் உலாவி எழுப்பும் அறிவிப்பைப் பிடித்துத் தானாகத் தொடரச் செய்யுங்கள். பக்கத்தை மூடித் திறந்தால் பயனர் அதே கோப்பை மறுபடி தெரிவு செய்து காட்ட வேண்டும், அது உலாவியின் பாதுகாப்பு விதி. ஆகவே "அதே படத்தைத் திரும்பத் தொடுங்கள், விட்ட இடத்திலிருந்து போகும்" என்று தமிழில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

நான்காவது, அரைகுறைக் கோப்புகளின் ஆயுள். 24 மணி நேரத்தில் அழித்துவிடுவது பலருடைய பழக்கம். நான் எட்டு நாள் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகும்போது மிச்சத்தை ஏற்றலாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு நாள் எதற்கும் போதாது. எட்டு நாளுக்குப் பிறகு கட்டாயம் துடையுங்கள். மேகச் சேமிப்பில் பாதியில் நின்ற துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், பில்லில் மட்டும் தெரியும்.

சரி, உலாவியிலேயே படத்தைச் சுருக்கி அனுப்பினால் என்ன? விளையாட்டுப் போட்டிப் படத்துக்குச் செய்யுங்கள். பழைய போட்டோவுக்கும் பத்திரத்துக்கும் கூடவே கூடாது. ரப்பர் முத்திரையின் எழுத்துதான் முதலில் கரைந்துபோகும். வாட்சப்பில் வாங்கிப் பிறகு நானே ஏற்றுகிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்: அது படத்தைச் சுருக்கிவிடும். வேறு வழியே இல்லையென்றால் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வந்ததை நம்பாதீர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எல்லாப் பாடநூலும் சொல்கிறது. கோப்பின் வால் பெயரைப் பார்த்து வகையைத் தீர்மானிக்க வேண்டாம். முதல் சில பைட்டுகளைப் படித்துப் பாருங்கள். கோப்புகளைத் தளத்தின் பொது அடைவுக்கு வெளியே வையுங்கள். எஸ்விஜி வேண்டாம், அதற்குள் நிரல் ஒளிந்திருக்கலாம். பிக்சல் எண்ணிக்கைக்கும் ஒரு உச்சம் வையுங்கள். சின்னக் கோப்பு விரிந்தால் சர்வரின் நினைவகத்தையே விழுங்கும். இமேஜ்மேஜிக் பயன்படுத்தினால் புதிய பதிப்பையே போடுங்கள். 2016இல் அதன் ஓட்டை வழியாக ஒரு படத்தை ஏற்றியே சர்வருக்குள் நுழைய முடிந்தது.

கொட்டகலை ஏன் இரண்டு தடவை வருகிறது

கோப்புக்குப் பயனர் வைத்த பெயரில் அதைச் சேமிக்காதீர்கள். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறிக்கு மேல் போகாது. புள்ளியும் கொம்பும்கூடத் தனிக்குறிதான். "அப்பாயி கல்யாணப் படம் மாமா வீட்டிலிருந்து எடுத்தது" என்று நம் ஆட்கள் வைக்கும் பெயருக்கே அதில் பாதிக்கு மேல் தீர்ந்துபோகும். வட்டில் ஒரு தற்செயல் அடையாள எண்ணில் வையுங்கள், அவர் வைத்த பெயரைத் தரவுத்தளத்தில் ஒரு பத்தியில் போடுங்கள். அந்தப் பெயரைத் தூக்கி எறிய வேண்டாம், சில நேரம் அந்தப் படத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரே தகவல் அதுதான்.

அதைவிட வினையானது ஒன்று. "கொ" என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு சொல். கொட்டகலை என்று தேடினால் பாதிப் படம் வரும், மீதி வராது. பொகவந்தலாவையும் நோர்வூட்டும் இதே வலையில் விழும். உள்ளே வரும் எல்லா எழுத்தையும், தேடும் சொல்லையும், என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். எந்த மொழியிலும் ஒரே வரி நிரல்தான்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த விவரத்தை யாராவது ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும். திட்டாமல் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுபடங்கள்

இரண்டு அளவு போதும், 400 பிக்சலும் 1600 பிக்சலும். கோப்பு வந்த அதே கோரிக்கையில் செய்யாமல் வரிசையில் போட்டுப் பிறகு செய்யுங்கள். போன் எழுதி வைத்த திசைக் குறிப்பைப் படித்துப் படத்தைத் திருப்புங்கள், இல்லையேல் கங்காணித் தாத்தா பக்கவாட்டில் படுத்திருப்பார். 2017க்குப் பிந்திய ஐபோன்கள் ஹெய்க் வகையில் தரும், அதை ஜேபெக் ஆக்குங்கள். பொதுப் பிரதியில் இடக்குறிப்பை நீக்குங்கள். மூலக் கோப்பை மட்டும் யாரும் தொடக்கூடாது, நீங்களும்தான்.

ஏறிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. மெதுவான இணைப்பில் ஒரு படம் ஏற நாலைந்து நிமிடம் ஆகலாம். அந்த நேரத்தில் பாட்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். விவரப் படிவத்தை முன்னேற்றக் கோட்டுக்கு நேர் கீழே வையுங்கள். "பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்று விட்டால் யாரும் திருத்த வரமாட்டார்கள். பாட்டியும் எப்போதும் இருக்கமாட்டார். நான்கு கேள்வி போதும்: யார் யார், எங்கே, எப்போது, யாருக்குக் காட்டலாம்.

"யார்" என்பதை இடமிருந்து வலமாக எழுதச் சொல்லுங்கள். "எங்கே" என்பதற்கு இரண்டு பெட்டி வேண்டும், பதிவில் உள்ள தோட்டப் பெயர் ஒன்று, லயத்தில் சொல்லும் பெயர் ஒன்று. கம்பெனியின் ஆங்கிலப் பெயரை வைத்துத் தேடும் பேரனும், நம் ஆட்கள் சொல்லும் தமிழ்ப் பெயரை வைத்துத் தேடும் மதுரைப் பக்கத்து உறவும் ஒரே படத்தில் வந்து முட்ட வேண்டும்.

"எப்போது" என்பதற்கு நாட்காட்டிப் பெட்டி வைத்தீர்களோ, கெட்டீர்கள். சரியான தேதி யாருக்கும் தெரியாது, பெட்டி விடாமல் கேட்கும், எல்லாப் படமும் ஜனவரி 1 அன்று எடுத்ததாகிவிடும். மூன்று பத்தி வையுங்கள்: அவர் சொன்னபடியே ஒன்று, தொடக்க ஆண்டு ஒன்று, கடைசி ஆண்டு ஒன்று. "தாத்தா பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது" என்றால் பெரும்பாலும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு என்று ஆரம்பிக்கலாம். "கலவரத்துக்கு முன்பு" என்றால் நிறுத்திக் கேளுங்கள், 77ஆ, 83ஆ? அந்த ஒரு கேள்வியில் ஆறு வருசம் இருக்கிறது.

"யாருக்குக் காட்டலாம்" என்பதில் நான் கறார். பிரஜாவுரிமைப் பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் குடும்பத்துக்கு மட்டும் என்பதே தொடக்க நிலை. பொதுவில் வைக்க அவர்களே மாற்ற வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களாகி, ஒவ்வொரு கடதாசிக்கும் தலைமுறை தலைமுறையாக அலைந்தவர்கள், அந்தக் கடதாசியை உங்களிடம் நம்பித் தருகிறார்கள்.

மிச்சம்

அழிக்கும் பட்டன் உடனே அழிக்கக்கூடாது. 30 நாள் மறைத்து வைத்துப் பிறகு அழியட்டும். ஒரே கோப்பு இரண்டு தடவை வந்தால் ஷா-256 எண்ணை ஒப்பிட்டுப் பிடிக்கலாம்; கோப்பை ஒன்றாக்குங்கள், இருவர் எழுதிய விவரத்தையும் வைத்திருங்கள். பிரதி மூன்று, அதில் ஒன்று வேறு ஊரில். நுவரெலியாவில் ஹார்ட் டிஸ்க்கை வைக்கிறவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் போட்டு வையுங்கள். அந்த ஈரத்தில் கெமரா லென்ஸே பூஞ்சை பிடிக்கிறது.

பரிசோதனையை மேசையில் செய்யாதீர்கள். உலாவியில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி மெதுவான இணைப்பைத்தான் காட்டும், அறுந்து அறுந்து வரும் இணைப்பை அல்ல. ஹட்டனில் பொகவந்தலாவை பஸ் ஏறுங்கள், ஜன்னல் சீட். டிக்கோயா தாண்டியதும் 40 எம்பி கோப்பு ஒன்றை ஏற்றத் தொடங்குங்கள். வளைவுகள் தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். போதாதென்று நீங்களும் போனை மூன்று தடவை விமானப் பயன்முறைக்குப் போட்டு எடுங்கள், ஒரு தடவை உலாவியையே மூடுங்கள். இறங்கியதும் போனில் உள்ள கோப்பின் ஷா-256 எண்ணையும் சர்வரில் உள்ளதன் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் ஒரு பிளேன்டி குடித்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் இன்னொரு கோப்பை ஏற்றிப் பாருங்கள்.