துண்டு வேறு, உறுதி வேறு

கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உழைத்த ஒருவர், சேமிப்போடு மனைவியின் நகையை விற்ற பணத்தையும் சேர்த்துப் பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் நன்கு தெரிந்தவர். முத்திரை ஒட்டிய தாளில், "காணியை விற்றுப் பணம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார். வாங்கியவர் வீடு கட்டிக் குடியேறுகிறார். காணி இப்போது யாருடையது?

சட்டத்தின் கண்ணில் விற்றவருடையதே!

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளேனும் ஒரே வேளையில் சமுகமாயிருக்கக் கையொப்பமிட வேண்டும். இன்றேல் அது செல்லாது. "பின்னர் விற்பேன்" என்னும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான்.

பணம் கொடுத்துக் குடியேறியும் பயனில்லையா? இக்கேள்வி 1914இல் இலங்கை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. நொத்தாரிசு இன்றி எழுதிய விற்பனைத் தாளை நம்பிக் காணியை ஆண்டவருக்கு அத்தாள் உரிமை தராது என்றே தீர்ப்பாயிற்று. பத்தாண்டுகள் தடையின்றித் தனதாகவே ஆண்டவருக்கு 1871ஆம் ஆண்டின் மற்றொரு கட்டளைச் சட்டம் துணைநிற்கலாம். ஆனால் அதையும் வழக்காடியே நிலைநாட்ட வேண்டும்.

மோசடியைத் தடுக்க வந்த சட்டம் ஏமாற்றுபவனுக்கல்லவா உதவுகிறது என்று கேட்கலாம். வாய்ச்சொல்லை ஏற்றால், பொய்ச்சாட்சி இருவரைக் கூட்டிவந்து எவரும் ஏழையின் காணியைப் பறித்துவிடலாம். 1677ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் கையொப்பமிட்ட எழுத்தோடு நின்றது. நமது சட்டம் நொத்தாரிசையும் கேட்கிறது. விதி கடுமையானது, அதை அறியாதவருக்கே அது கொடுமையாகிறது.

உறுதி முடித்தபின்னும் ஒரு வேலை உண்டு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, உமது உறுதி பதியாமற் கிடக்கையில், அதே காணியைப் பின்னர் விலைக்கு வாங்கிய மற்றொருவர் தம் உறுதியை முந்திப் பதிந்தால், அவருக்கே முன்னுரிமை. அவர் மோசடி செய்திருந்தாலன்றி.

ஆகவே, முற்பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை:

1. காணிப் பதிவகத்தில் முப்பதாண்டுப் பதிவுகளையேனும் பார்ப்பியுங்கள். ஈடு, வழக்கு, கூட்டுப்பங்கு இருந்தால் தெரியவரும்.

2. விற்பவருக்கு உரிமை உண்டா என்று கேளுங்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டக் காணிகளிற் பெரும்பகுதி அரசுடைமையாயிற்று. குடியிருப்பவர் எல்லோரும் விற்க உரியவர் அல்லர்.

3. நில அளவையாளரின் படத்தைக் கையிற்கொண்டு எல்லைகளை நேரிற் பாருங்கள்.

4. முற்பணத்தையும் நொத்தாரிசு முன்னிலையில் உடன்படிக்கை எழுதியே கொடுங்கள்.

5. உறுதியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத மொழியிலிருந்தால் விளக்கம் கேளுங்கள். பதிவானதை நீங்களே உறுதிப்படுத்துங்கள்.

எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்து நிலத்தைப் பதினேழு வெள்ளிக் காசுக்கு வாங்கியபோது, விற்றவர் அவருடைய சொந்தச் சிறிய தந்தையின் மகன்தான். ஆயினும் பத்திரம் எழுதினார், சாட்சிகளை வைத்தார், முத்திரையிட்டார், மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். உறவினரிடம் உறுதி கேட்பது அவநம்பிக்கையன்று. பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை.