மீன் தொட்டியில் ஆராக்கீரை

சென்ற பருவத்தில் ஒருநாள், என் செய்முறைப் பதிவேட்டில் வரைந்திருந்த மார்சீலியா படத்தை அம்மா பார்த்தார். “இது ஆராக்கீரைதானே?” என்றார். கும்மிடிப்பூண்டியை அடுத்த எங்கள் ஊர் வயல்களில் கூலிக்குக் களையெடுத்தவர் அவர். ஆய்வகப் புட்டியில் கண்டபோது எனக்கு அது தெரியவில்லை!

இத்தாலிய அறிஞர் லூயிஜி மார்சிலியின் (1658–1730) பெயரைத் தாங்கியது இச்செடி. நான்கு சிற்றிலைகள் இருப்பினும் இது பூக்காது. பெரணி இனத்தைச் சேர்ந்தது. இளம் இலை சுருண்டு தோன்றுவதே அதன் அடையாளம்.

வண்ண மீன் தொட்டியின் முன்புறத்தில் தாழ்ந்து படர இதுவே ஏற்ற செடி. தரையை மூடும் வேறு பல செடிகள் கடும் வெளிச்சமும், குழாய்வழிக் கரியமில வாயுவும் கேட்கும். ஆராக்கீரைக்கு அச்செலவு இல்லை.

வளர்க்கும் முறை வருமாறு: கழிவுநீர் கலக்கும் கால்வாயிலோ, பூச்சிமருந்து தெளித்த வயலிலோ செடி எடுக்கலாகாது. ஏனெனில் இது கன உலோகங்களை உறிஞ்சவல்லது. எடுத்த செடியை நன்கு அலசி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, நத்தை முட்டைகளை நீக்க வேண்டும். தொட்டியில் கழுவிய மணலை இரண்டு அங்குலம் பரப்புக. தரையோடு படரும் தண்டை மூன்று நான்கு கணுக்கள் கொண்ட துண்டுகளாக்கி, மணலில் மேலாகப் பதிக்க வேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேர விளக்கு போதும். மிகுந்தால் பாசி பிடிக்கும். நீண்டு மேலெழும் இலைகளைக் கத்தரித்துவிடலாம்.

இரண்டே வாரத்தில் என் செடிகளின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. எல்லாவற்றையும் பிடுங்கி எறியப் போனேன். அம்மா தடுத்தார். “எத்தனை தடவை நான் புடுங்கிப் போட்டிருக்கேன்! கொடி மண்ணுல கெடந்தா மறுபடியும் தழைக்கும்டா” என்றார்.

அப்படியே நடந்தது. காற்றில் வளர்ந்த இலைகள் நீருக்குள் நிலைப்பதில்லை. அவை உதிர்ந்த பின், தண்டிலிருந்து நீருக்கேற்ற புதிய இலைகள் தோன்றுகின்றன. அவற்றில் சில ஒற்றைச் சிற்றிலையோடு, குட்டையாகவே நிற்கின்றன. மெதுவாகத்தான் படரும், தொட்டியின் முன்புறம் பசுமையாகச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும்.

நண்பர்களே, நம் வீட்டார் அறிந்ததற்கும் நாம் படிப்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் ஒரு பெயர்தான். என் பதிவேட்டில் ‘மார்சீலியா’ என்பதன் அருகே ‘ஆராக்கீரை’ என்றும் எழுதியுள்ளேன்.

— இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)